கயிறு கட்டிய ஃப்ரிட்ஜ்

பழவேற்காடு
3.2.2025

சோபியாவுக்கு அண்ணி எழுதுவது.

நலமா, சுகமா எல்லாம் அப்புறம். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நேற்றும் அப்படித்தான். காகிதத்தைக் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ வண்டி வைத்து இறக்கிவிட்டுப் போனாயே அந்த ஃப்ரிட்ஜ், அதைப் பற்றித்தான் பேச்சு. அது வந்த நாளிலிருந்து என் சமையலறை என்னுடையதாக இல்லை. நேற்று மத்தியானம் இறாலை உரித்துக் கழுவி உள்ளே வைக்கப் போனேன். இரண்டு கையிலும் சட்டி. ஒவ்வொன்றாகத்தானே வைக்க முடியும்? அதற்குள் கீக் கீக் என்று கத்தியது. கத்தட்டும், நான் கத்தாத ஆளா என்று என் வேலையைப் பார்த்தேன். உடனே உன் போன். உன் அண்ணன் அதை என் காதில் வைத்தார். "அண்ணி, கதவு எவ்ளோ நேரமா தெறந்து கீது, மூடுங்க." சென்னையில் நின்றுகொண்டு என் வீட்டுக் கதவை மூடச் சொல்கிறாய். எனக்கு மாமியார் இல்லையே என்ற குறை நேற்றோடு தீர்ந்தது.

போன வாரம் நடந்தது இதைவிட மோசம். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்த மடவை, செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது, அதை உள்ளே வைத்தேன். வாடை பார்க்கிற கருவி ஒன்று அதற்குள் இருக்கிறதாமே. உணவு கெட்டுவிட்டது என்று உனக்குச் செய்தி போயிருக்கிறது. "இன்னா அண்ணி அழுகிக் கீது, எடுத்து வெளிய கொட்டுங்க"ன்னு நீ சொல்கிறாய். துள்ளல் அடங்காத மீனை அழுகல் என்று சொல்கிற சாமானை என்ன சொல்லித் திட்டுவது? அது இரும்பு, அதற்குத் தெரியாது. மீன்காரர் வீட்டில் பிறந்த நீயும் அதையே திருப்பிச் சொன்னாய் பார், அதுதான் எனக்குக் குமட்டியது.

நம் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை அசிங்கமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் திரௌபதிக்குக் கொடுக்க வைத்தாய். அது உறுமும், ஆடும், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் அடங்கிவிடும். என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. குளிர வைக்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜுக்கு வேறு என்ன வேலை?

நைனா இதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டிலில் படுத்தபடியே, "வாத்தியாரு இன்னா சொல்றாரு?"ன்னு கேட்கிறார். உன் அப்பாவுக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல். நீ மாட்டிவிட்டுப் போன அந்த நெட் பெட்டியையாவது வந்து கழற்றிக்கொண்டு போ.

பிரின்சி


சென்னை
9.2.2025

அன்புள்ள அண்ணி,

ஷோரூமில் ஸ்டாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிற அண்ணி எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். ஹாஸ்டலுக்கு வந்து மறுபடியும் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் காலையிலிருந்து கடை மூடும்வரை நின்றுகொண்டே இந்தச் சாமான்களைப் பற்றிப் பேசுகிறேன். தானாக வேகும் குக்கர், வாயால் சொன்னால் சூடாகும் ஓவன், எண்ணெயே இல்லாமல் பொரிக்கும் பெட்டி. அந்தப் பெட்டியில் தினமும் ஒரே உருளைக்கிழங்கைப் பொரித்துப் பொரித்துக் காட்டி, அந்த வாசனை வந்தாலே எனக்கு வாந்தி வருகிறது. ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் அப்படி இல்லை அண்ணி. கார் வைத்திருப்பவர்களே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டு போகிறார்கள். அதை நான் நம் வீட்டுக்கு அனுப்பினேன். நீங்கள் வாத்தியார் என்று கிண்டல் செய்கிறீர்கள்.

எங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சாம்சன் வீட்டில் பேசிவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்து, மே நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அனுப்பம்பட்டிலிருந்து அவர்கள் பக்கத்து ஆட்கள் வருவார்கள். நம் வீட்டிலா, பொன்னேரியில் மண்டபமா என்று அண்ணன் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்களுக்கு மீன் வாடை பழக்கமில்லை. இதை எப்படி எழுதினாலும் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

அந்த ஃப்ரிட்ஜ் வாடையை வெளியே விடாது. அதற்காகத்தான் வாங்கினேன். சும்மா சும்மா திறக்காதீர்கள், அது போதும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குளிர் வெளியே போகும், வாடை வெளியே வரும்.

நைனாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

சோபியா


பழவேற்காடு
4.3.2025

சோபியாவுக்கு,

பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. முதலில் எழுதியதை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் இருந்த வார்த்தைகளை நீ படித்திருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாய்.

வாடை பழக்கமில்லையாம். நீ கருவாட்டுக்கு நடுவில் தவழ்ந்தவள். உன் அண்ணன் வலையை உதறிவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியதை எனக்கு நைனா சொல்லியிருக்கிறார். அந்த வாடையைத் துடைக்க ஒரு பெட்டி வாங்கி அனுப்பியிருக்கிறாய். ச்சீ என்றிருந்தது எனக்கு. இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நிச்சயம் இந்த வீட்டில்தான் நடக்கும். மண்டபத்தில் வைத்தால் அண்ணன் வருவார், நைனாவையும் தூக்கிக்கொண்டு வருவார். நான் வரமாட்டேன். அண்ணி எங்கே என்று அவர்கள் கேட்டால், வீட்டில் நாறிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்.

இவ்வளவு திட்டினாலும் உன் விருந்துக்கு வேண்டியதை நான்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நம் பாடு வருகிற நாளில் மட்டும்தானே ஏரியில் இறால் விழுகிற அந்த இடத்தில் வலை கட்ட விடுவார்கள். ஜனவரியிலிருந்து நம் முறை வந்த ஒவ்வொரு நாளும் பெரிய இறாலாகப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன். நண்டும் இருக்கிறது. உன் அண்ணன் ஒரு பையைக்கூட ஏலத்துக்குக் கொண்டுபோகவில்லை. மேல்பெட்டி முழுக்கப் பனிக்கட்டிக்குள் உன் விருந்து இருக்கிறது. இந்தச் சுற்று முடிந்தது, அடுத்த பாடு மே கடைசியில்தான், அதனால் இதுதான் எல்லாம்.

நாளைக்கு விபூதிப் புதன். நாற்பது நாளும் வீட்டில் கவிச்சி கிடையாது, உனக்குத் தெரியாததில்லை. உன் அண்ணன் போன வருஷம் மூன்றாவது வாரமே கை நீட்டினார். பசங்களும் அவருக்குக் கூட்டு. அதனால் இந்தத் தடவை வலைக் கயிற்றை எடுத்து, மேல் கதவையும் கீழ்க் கதவையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். பால் பாக்கெட் அன்றன்றைக்கு. தண்ணீர் பானையில். நீதானே திறக்காதே என்றாய்? இனிமேல் ஈஸ்டர்வரை உன் போன் மூச்சுவிடாது. சந்தோஷமாக இரு.

பிரின்சி


சென்னை
23.3.2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஷோரூம் படிக்கட்டில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் படித்தேன். கோபத்தை மட்டும் முழுசாகப் படித்தேன். மண்டபத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இன்னும் நாள் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நேற்று சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. ஒரு அம்மா வந்தார்கள். எதைக் காட்டினாலும், "இதெல்லாம் விளம்பரத்துக்குச் சொல்றது, வீட்ல எங்க வேலை செய்யும்?"னு உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் போனை எடுத்து, எங்கள் வீட்டிலேயே இதுதான் இருக்கிறது, பாருங்கள் என்று காட்டினேன். அந்த நேரம் பார்த்து நம் ஃப்ரிட்ஜ் ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. பல நாளாகக் கதவு திறக்கவில்லை, வீட்டில் யாரும் இல்லையா என்று. அந்த அம்மா அசந்துபோய்விட்டார்கள். ஆள் இல்லாததைக்கூடக் கண்டுபிடிக்கிறதே, கரண்டை மிச்சம் பிடிக்கிறதே என்று அங்கேயே வாங்கிவிட்டார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை தட்டினார். நீங்கள் திட்டுகிற வாத்தியார்தான் எனக்கு அந்தக் கைதட்டலை வாங்கிக் கொடுத்தது.

ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சிக்கன் பிரியாணி போட்டார்கள், நன்றாக இருந்தது.

நிச்சயத்துக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று எழுதுங்கள். கோபத்தோடாவது எழுதுங்கள்.

சோபியா


பழவேற்காடு
21.4.2025

சோபியாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்தோடு தொடங்க வேண்டிய கடிதம் இது. மனசு வரவில்லை. உன் அண்ணன் போனில் உனக்குச் சொன்னது கால்வாசிதான், அவருக்கு வாய் வராது. மீதியை நான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படிக்காதே.

குருத்தோலை ஞாயிறு அன்றே ஒரு நாற்றம் தொடங்கியது. ஏரியோரம் மீன் செத்து ஒதுங்கியிருக்கும் என்றுதான் நினைத்தோம். வெயில் காலத்தில் அது புதுசா? உன் அண்ணன் கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று வந்தார். அப்புறம் எலி என்றோம். பரணை இறக்கினோம், அரிசி மூட்டையை நகர்த்தினோம், நைனாவின் கட்டிலைக்கூடத் தூக்கிப் பார்த்தோம். "நான் இன்னும் சாகலடா, என்னைய இன்னாத்துக்கு மோந்து பாக்குறீங்க?"ன்னு அவர் கத்தினார். பெரிய வியாழன் அன்று வாசலில் நின்றாலே தொண்டையை அடைத்தது. கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்த ராஜாத்தி மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தாள். என் சேலையில் ஏறியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், மறுநாள் குழம்புக்கு ஒரு பை இறாலை எடுத்துப் பனி இளக வைக்கலாம் என்று கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதே கதவின் அடியில் பழுப்பாக ஏதோ ஒழுகிக் காய்ந்து ஒட்டியிருந்தது. மேல் கதவைத் திறந்தேன்.

சோபியா, நான் மீன் அறுத்துப் பிழைத்தவள். அழுகின மீனை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், கழிவுக் கூடையைத் தலையில் சுமந்திருக்கிறேன். அன்றைக்கு நான் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். இறால் என்று ஒன்றும் இல்லை. பைகள் எல்லாம் ஊதிக்கொண்டு பலூன் போல் இருந்தன. ஒன்றைத் தொட்டேன், வெடித்து என் கழுத்து, மார்பு எல்லாம் கஞ்சி மாதிரி தெறித்தது. கருப்புத் தலைகள் அதில் மிதந்தன. நண்டு ஓடுகளுக்குள் சதை தண்ணீராகிவிட்டது. அந்தத் தண்ணீர் கீழே இறங்கி, பின்பக்கத்தில் இருக்கும் தட்டில் தேங்கி, ஈ மொய்த்து, புழு நெளிந்தது. சின்னவன் பார்த்துவிட்டு அழுதுகொண்டே தெருவுக்கு ஓடினான். உன் அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு மாசம் நம் பாடு வந்த நாளெல்லாம் போய் அவர் பொறுக்கி வைத்தது.

கரண்ட் போகவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உன் வாத்தியார் பளபளவென்று, நீல எழுத்தில் மணி காட்டிக்கொண்டு, இந்தக் கண்றாவியை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது. உயிர் மீனைப் பார்த்து அழுகல் என்று ஊரைக் கூட்டியதே, இத்தனையும் அழுகும்போது அதன் வாய்க்கு என்ன ஆனது? உனக்கு ஒரு செய்தியும் வரவில்லையா?

திரௌபதிதான் முந்தானையை மூக்கில் செருகிக்கொண்டு வந்து என்னோடு அள்ளினாள். அள்ளிவிட்டுப் போகும்போது, "என் வூட்ல கீற பழசு தண்ணிய வெச்சா கல்லாக்குது, ஒரு கேள்வி கேக்கல"ன்னு சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேலி செய்யவில்லை, இருந்தாலும் எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

ஈஸ்டர் அன்று பருப்புச் சோறு சாப்பிட்டோம்.

பிரின்சி


சென்னை
24.4.2025

அண்ணி,

படித்தேன். சாப்பிடவில்லை.

கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டேன். பொன்னேரியிலிருந்து மெக்கானிக் வருவார். மோட்டார் பழுதாக இருக்கலாம். உப்புக் காற்றில் உள்ளே ஏதாவது துருப்பிடித்திருக்கலாம். ஏரிக்கரை வீடுகளில் அப்படி நடக்கும் என்று இங்கே சொல்கிறார்கள். கயிறு கட்டியதால் கதவு சரியாக மூடாமல்கூட இருந்திருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போதாவது மண்டபத்துக்குச் சம்மதியுங்கள். பத்து நாளில் அந்த நாற்றம் போகாது. நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் பொன்னேரியில் ஒரு கல்யாணத்தில் சாம்சனுடைய அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "பொண்ணு நல்லாத்தான் கீது. ஆனா மீன்காரங்க வூட்ல ஒரு தபா ஒக்காந்து எழுந்தா போதும், பொடவைய மூணு தண்ணி அலசணும்." நான் அவர் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்துதான் அந்த ஃப்ரிட்ஜை வாங்கினேன். எனக்கு மட்டும் அந்த வீட்டின் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நைனா முன்னால் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

மண்டபத்துக்காரரிடம் அண்ணனைப் பேசச் சொல்லட்டுமா?

சோபியா


பழவேற்காடு
28.4.2025

சோபியாவுக்கு,

மெக்கானிக் வந்தார். கங்காதரன் என்று பெயர். வாசலிலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். திறந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தன் போனில் எதையோ இணைத்துப் பார்த்தார்.

"மேடம், பொட்டி கெடல. நல்லாத்தான் ஓடுது. மீன்தான் கெட்டுப்போச்சு"ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தப்பித்தது மாதா புண்ணியம். அப்புறம் அவர் விளக்கினார். கதவு ரொம்ப நாள் திறக்காமல் இருந்தால் அது கேட்குமாம். யாரும் இல்லை என்று பதில் வந்தால் மேல்பெட்டிக் குளிரை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்குமாம். வாடை பார்க்கும் கருவியும் அதோடு தூங்கிவிடுமாம். "அதுவா எதுவும் பண்ணாது மேடம். கேக்கும். யாராச்சும் ஆமான்னு அமுக்கணும். மார்ச் மாசம் இருபத்திரெண்டாம் தேதி யாரோ அமுக்கிக் கீறாங்க."

இருபத்திரண்டு, சனிக்கிழமை. உன் கடையில் நிற்க இடமில்லாத நாள். உன் மேனேஜர் உனக்குக் கை தட்டிய நாள்.

அது வீட்டில் யாரும் இல்லையா என்று உன்னைக் கேட்டது. அதை நீயே எனக்கு எழுதினாய். நீ என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் எழுதவில்லை. கயிறு கட்டினேன் என்று நான் உனக்கு எழுதவில்லையா? நோன்பு என்று எழுதவில்லையா? தவக்கால வெள்ளிக்கிழமை பிரியாணி நன்றாக இருந்தது என்று நீ எழுதியபோதே எனக்குச் சுருக்கென்றது, ஊரை விட்டுப் போன பிள்ளை, மறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பெட்டிக்குத் தவக்காலம் தெரியாது, சரி. உனக்குமா?

அன்றைக்கு இந்த வீட்டில் நைனா இருந்தார், இருமிக்கொண்டு. உன் அண்ணன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பசங்க இரண்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கயிறு கட்டிய சனியனுக்கு எதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் இருந்தோம்டி. ஒரு பெட்டியை விற்பதற்காக, முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் எங்களை இல்லை என்றாயா?

அழுகின இறாலை அள்ளும்போது எனக்கு வந்த அருவருப்பு இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

உதயகுமார் மூன்றாம் தேதி வருகிற தன் பாடு முறையை உன் அண்ணனுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். திரௌபதியின் புருஷன், நமக்கு உறவுகூட இல்லை. அதனால் விருந்துக்கு மீன் இருக்கும். மண்டபம் வேண்டுமென்றால் நீயே பேசிக்கொள். நான் வீட்டைக் கழுவினேன், சுண்ணாம்பு அடித்தேன், மேல்பெட்டியை எலுமிச்சையும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்தேன். பின்பக்கத்துத் தட்டை மட்டும் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

பிரின்சி


சென்னை
30.4.2025

அண்ணி,

ஆமாம். நான்தான் அமுக்கினேன்.

அந்த அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘வீட்டில் யாரும் இல்லையா?’ அதற்குக் கீழே இரண்டு கட்டம், ‘இருக்கிறார்கள்’, ‘யாரும் இல்லை’. இருக்கிறார்கள் என்று அமுக்கினால் அது ஏமாந்த மாதிரி ஆகிவிடும், அந்த அம்மா சிரிப்பார்கள். யாரும் இல்லை என்று அமுக்கினேன். "பாத்தீங்களா மேடம், எவ்ளோ கரெக்டா கண்டுபிடிச்சிருக்கு"ன்னு சொன்னேன். கரண்ட் மிச்சமாகும் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேல்பெட்டியை நிறுத்தும் என்று தெரியாது. அப்புறம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கஸ்டமர் வந்துவிட்டார்கள். மறந்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மண்டபத்தில் பேசவில்லை, பேசவும் மாட்டேன். லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அண்ணன் என்னைக் கூப்பிட வர வேண்டாம். நீங்கள் என்னோடு பேசவும் வேண்டாம். அந்தத் தட்டை யாரும் தொடாதீர்கள். அது எனக்கு.

சோபியா


பழவேற்காடு
9.5.2025

சோபியாவுக்கு,

நீ இங்கே இருந்த நாளெல்லாம் உன்னிடம் நான் சரியாகப் பேசவில்லை. புடவை மடிப்பை எடுத்துவிட்டேன், பூ வைத்தேன், வாய் மட்டும் திறக்கவில்லை. நீ ஊருக்குப் போய்விட்டாய், இப்போது கை ஓடுகிறது.

நீ அந்தத் தட்டைக் கழற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். திரௌபதி உதவிக்கு வந்தபோது கையை நீட்டி வேண்டாம் என்றாய். பிறகு குச்சியைப் போட்டுவிட்டு வெறும் விரலால் சுரண்டினாய். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத் தோன்றியது. கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டட்டும் என்றுதான் நின்றேன். என் மனசும் அப்படி ஒன்றும் சுத்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுத வந்தேன். சுண்ணாம்பு, பினாயில், சாம்பிராணி, மல்லிகைப்பூ எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. சாம்சன் அம்மா வாசற்படியில் கால் வைத்ததும் முந்தானை மூக்குக்குப் போனது. "இன்னாம்மா இது, இப்பிடி ஒரு நாத்தம்?" உன் அண்ணன் ஏரி, சேறு, செத்த மீன் என்று தடுமாறினார். நைனா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லிவிடப் போகிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ உள்ளே இருந்து வந்தாய், நிச்சயப் புடவையோடு. பெண்ணைக் கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாது என்று ராஜாத்தி உன் கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டு வந்தாய். "மீனு அழுகிப்போன நாத்தம் அத்தை. அழுக வெச்சது நானு. இவுங்க மேல ஒரு தப்பும் இல்ல. எங்க வூட்டு மீனு இப்பிடி நாறாது, இன்னிக்கு சாப்ட்டுப் பாருங்க. பொடவைய மூணு தண்ணி அலசணும்னா நானே வந்து அலசித் தர்றேன்"ன்னு சொன்னாய். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தாயா? சாம்சன் தலையைக் குனிந்து சிரித்தான். அதற்குமேல் அந்த அம்மாவால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பிடும்போது முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுத்தார்கள். உதயகுமார் விட்டுக் கொடுத்த முறையில் வந்த நண்டு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். போகும்போது, நண்டில் மிளகு தூக்கல் என்று ஒரு நொட்டை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் வேண்டாம். நீதான் அங்கே போய் வாழப் போகிறாய்.

ஃப்ரிட்ஜை ஏரியில் தள்ளிவிடலாம் என்றேன். உன் அண்ணன் விடவில்லை, மறுபடியும் ஓட வைத்துவிட்டார். மீனுக்கு இனி ஐஸ் பெட்டிதான், ஐஸ் கம்பெனியில் பாளம் வாங்கி உடைத்துப் போட்டுக்கொள்கிறோம். திரௌபதி பழையதைத் திருப்பித் தருகிறேன் என்றாள். கொடுத்ததைக் கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. வாத்தியாருக்கு இப்போது நைனாவின் தண்ணீர் பாட்டிலும் இட்லி மாவும்தான். ரப்பருக்குள் ஏறிய நாற்றம் இன்னும் போகவில்லை. நேற்று இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன், துப்பிவிட்டேன்.

நெட் பெட்டியைக் கழற்றட்டுமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது உன் போனோடு பேசிக்கொண்டே இருக்கட்டும். நாங்கள் ஒருவேளை மறுபடியும் கயிறு கட்டுவோம், அடுத்த தவக்காலமும் வரும். அப்போது அது உன்னைக் கேட்கும். யார் உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாலும் சரி, உன் மேனேஜரே நின்றாலும் சரி, வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று அமுக்கு.

பிரின்சி